அகில் வந்த பிறகு

மிர்பாத்தில் எங்கள் தெருவுக்கு வந்து நஸ்ராவின் வீடு எது என்று யாராவது கேட்டால், மூக்கு இழுக்கிற பக்கம் போங்கள் என்பேன். வேடிக்கைக்குச் சொன்னதில்லை. சாரல் காலத்தில் மற்ற வீடுகளெல்லாம் ஈர மெத்தை வாடையும் பூஞ்சை வாடையுமாகத்தான் இருக்கும். என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வெயில் எட்டிப் பார்க்காது. துணி காயாது, தலையணை காயாது. சரி, சாரல் முடிந்து வெயில் வந்தால் நிம்மதி என்று நினைத்தால், கடற்கரை முழுக்க மத்தி மீனைக் காயப் போட்டுவிடுவார்கள், ஒட்டகத் தீவனத்துக்கு. ஒட்டகத்துக்கு என்ன, அது தின்னும். முகர வேண்டியவர்கள் நாங்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டை மணக்க வைத்திருப்பது சின்ன வேலையில்லை. நஸ்ராவுக்கு அது கைவந்த வேலை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பின்பக்க சன்னல்களைத் திறந்து விடுவாள். தரையைத் துடைத்துக் காயவிட்டு, மண் தூபக்காலில் கரியைக் கனிய வைப்பாள். குந்திரிக்கப் பிசினில் பச்சை ஓடிய கட்டிகளாகப் பார்த்து ஒன்றிரண்டு மட்டும் போட்டு அறை அறையாகக் கொண்டு போவாள். திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள் எல்லாம் காட்டுவாள். தண்ணீர்ப் பானையைக்கூடப் புகை மேல் கவிழ்த்துப் பிடித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள். அவள் வீட்டில் தண்ணீர் குடித்தவர்கள் இன்னொரு டம்ளர் கேட்பார்கள். நானெல்லாம் ஒரு கை அள்ளிப் போட்டு வீடு தீப்பிடித்த மாதிரி ஆக்கிவிடுவேன். "புகை கண்ணுக்குத் தெரியக் கூடாதுக்கா. வந்தவங்களுக்கு என்ன வாசனைன்னே தெரியாம உக்காரணும்னு தோணணும்" என்பாள்.

அவளுக்கு வாழ்க்கை வேறெதையும் பெரிதாகக் கொடுத்துவிடவில்லை. சலாலாவில் கட்டிக் கொடுத்தார்கள். குழந்தை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்த கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டாள். தம்பி மஹாதை இவள்தான் வளர்த்தாள். அவன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அப்பா பகீத் படகிலிருந்து இறங்கும்போதே சாய்ந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. அன்றிலிருந்து உள்ளறைக் கட்டில்தான் அவருக்கு ஊர். அவரைத் துடைத்து, புரட்டிப் போட்டு, விரிப்பு மாற்றி, எலுமிச்சை இலை போட்ட வெந்நீரில் ஒத்தடம் கொடுத்து எல்லாம் நஸ்ராதான். படுக்கையில் ஒருவர் கிடக்கிற வீடு என்று வாசலில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில்தான் கர்வப்படுவாள்?

மஹாதுக்குப் பக்கத்து ஊரான தாக்காவிலிருந்து அஸீலாவைக் கட்டி வந்தார்கள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரைக்குள், நல்ல வேடிக்கை நடக்கப் போகிறது என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் நஸ்ராவின் பின்னாலேயே அக்கா அக்கா என்று சுற்றினாள். இரண்டு பேரும் ஒரே சால்வையைப் போர்த்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அஸீலா உண்டானதும்தான் வினை வந்தது. அவளுக்கு எதை முகர்ந்தாலும் வாந்தி. மீன் ஆகாது, வெங்காயம் ஆகாது, மாமனார் அறை கொஞ்சமும் ஆகாது. நஸ்ரா எவ்வளவு துடைத்தாலும் வயிற்றுப்பிள்ளைக்காரியின் மூக்கை ஏமாற்ற முடியுமா? அம்மா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது, ஸமா என்று பேர் வைத்தார்கள். நாற்பது கழிந்ததும் வருவாள் என்றார்கள், வரவில்லை. குழந்தைக்குச் சளி என்றார்கள், சாரல் விடட்டும் என்றார்கள். கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் அஸீலாவின் அம்மா துஃபூல் நான்கு பேர் காதுபட உடைத்துச் சொல்லிவிட்டாள்: அந்த வீட்டில் நோயாளி வாடை, பச்சைக் குழந்தையை எப்படி அனுப்புவது என்று. எங்கள் ஊரில் காற்றைவிட வேகமாக வாடையைச் சுமக்கிறவர்கள் உண்டு. அன்றைக்குள்ளேயே நஸ்ராவிடம் வந்து கொட்டிவிட்டுப் போனார்கள்.

மஹாத் நல்ல பையன்தான். ஆனால் எத்தனை நாள் பெண்டாட்டி ஓர் ஊர், இவன் ஓர் ஊர் என்று இருப்பான்? இந்தச் சாரலுக்குள் அவள் வராவிட்டால் சலாலாவில் வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவதாக அக்காவிடம் சொல்லிவிட்டான். போகட்டும் என்று நஸ்ராவால் சொல்ல முடியவில்லை. அவன் போனால் அந்த வீட்டில் பேசுகிற வாய் இவளுடையது ஒன்றுதான். குழந்தையை அவள் ஒரே ஒரு முறைதான், ஆஸ்பத்திரியில், தூக்கியிருந்தாள்.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊரில் யாருக்கும் தெரியாமல், அவளுக்கு மூக்கு செத்துப் போயிருந்தது.

எனக்குத் தெரிந்ததே தற்செயல்தான். அவளுக்கு ஒரு கடும் காய்ச்சல் வந்து தணிந்திருந்த சமயம். நான் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கிறேன். அடுப்பங்கரையிலிருந்து சோறு தீய்கிற வாடை வருகிறது. சொல்லலாமா வேண்டாமா என்று பார்க்கிறேன், எவள் வீட்டுச் சோறு தீய்ந்தாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் உண்டு. அவளோ சிரித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறாள். கூடத்துக்கே புகை வந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்து ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. அத்தரக் கையில ஊத்திப் பாத்தேன், தண்ணி மாதிரி இருக்கு. அப்பாவத் தொடைக்கறேன், சுத்தமாச்சா இல்லையான்னு தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

டாக்டரிடம் போகலாம் என்றேன். போய்விட்டு வந்திருந்தாள். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று அவர் கையை விரித்துவிட்டாராம். மாதக்கணக்கில் காத்திருந்தும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து நான்தான் அவளுக்கு மூக்கு. அஸர் முடிந்ததும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற மதிலுக்கு வந்து கூப்பிடுவாள். நான் போய் அறை அறையாக முகர்ந்துவிட்டு வருவேன். "இன்னிக்கு எப்படிக்கா?" என்பாள். "நல்லாருக்குடி" என்பேன். நன்றாகத்தான் இருந்தது. கை பழகிய வேலை, மூக்கு இல்லாமலும் செய்தது. ஆனால் அவள் நம்பவில்லை. எல்லாருமே நல்லாருக்கு என்றுதானே சொல்வார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, வார்த்தையை விட்டுவிட்டு ஆட்களின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். எதிரே இருப்பவள் மூக்கைத் தேய்த்தால் போதும், சால்வையைச் சரி செய்தால் போதும், இவள் பேச்சு பாதியில் நின்றுவிடும். எழுந்து போய் அப்பாவின் விரிப்பை மாற்றிவிட்டு வருவாள். ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் அந்த மனுஷனைப் புரட்டுவது?

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். விருந்தாளி வாசல் மிதிக்கும்போதே வீட்டில் குந்திரிக்கம் மணந்துகொண்டிருக்க வேண்டும். அது வா என்கிற வாசனை. காப்பி, பேரீச்சை, அல்வா, பேச்சு, மறுபடி காப்பி எல்லாம் முடிந்து கடைசியில்தான் அகில். அகில் கட்டையைத் தணலில் போட்டுத் தூபக்காலை ஒவ்வொருவரிடமும் நீட்டுவோம். சால்வைக்குள்ளும் கூந்தலுக்குள்ளும் புகையை வாங்கிக்கொண்டு விருந்தாளி எழுந்துவிட வேண்டும். அது போய்வா என்கிற வாசனை. வாய் திறந்து யாரும் யாரையும் போகச் சொல்வதில்லை. அகில் வந்த பிறகும் உட்கார்ந்திருப்பவளைக் காலம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள்.

விருந்தாளி எழுந்ததும் வீட்டுக்காரி "உக்காருங்க, என்ன அவசரம்" என்பாள். சொல்லியே ஆக வேண்டும், அது மரியாதை. விருந்தாளி "இல்ல, நேரமாச்சு" என்பாள். அதுவும் மரியாதைதான். அந்த வார்த்தையை நம்பி யாரும் திரும்ப உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என் கணவரின் சித்தப்பா மகள் ஒருத்தி வந்தால் லேசில் நகர மாட்டாள். அவளுக்காகவே நான் அகிலைச் சீக்கிரம் எடுத்து வந்துவிடுவேன். எடுத்து வந்துவிட்டு, உக்காரேன், உக்காரேன் என்று மற்றவர்களைவிட அதிகமாக அவளைத்தான் உபசரிப்பேன்.

துஃபூல் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி அனுப்பினாள். வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மனசுக்குப் பட்டால் அஸீலாவை அன்றே விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. காரில் பெட்டியும் இருக்கும் என்று மஹாத் அக்காவிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தான். அதன் பிறகு நஸ்ரா தூங்கினாளா என்று எனக்குத் தெரியாது. மெத்தைகளைப் பிரித்துப் பஞ்சை மாற்றினாள். சுவரைக் காடி ஊற்றித் துடைத்தாள். தச்சனிடம் சொல்லி, குழந்தைத் துணிக்குப் புகை போட ஒரு சின்ன மரச்சட்டம் செய்து வாங்கினாள். பெரியவர்கள் துணிக்கு இருக்கிற அதே கூம்புச் சட்டம்தான், முழங்கால் உயரத்துக்கு. பார்த்தால் பொம்மைக்குச் செய்தது போல் இருந்தது. அதைக் கூடத்து மூலையில் வைத்து, அவளே தைத்த குட்டிச் சட்டை ஒன்றை அதன் மேல் விரித்திருந்தாள்.

அன்றைக்கு நான் வாசல் பக்கம் உட்கார்ந்துகொள்ள வேண்டும், வாடை ஏதாவது வந்தால் என் சால்வை நுனியை இடது தோளுக்கு மாற்ற வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம். அவர்கள் வருவதற்குள் உள்ளறை வரைக்கும் போய் முகர்ந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீடு அப்படி மணந்து நான் பார்த்ததில்லை. வெளியே சாரல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்தால் நல்ல வெயில் நாளில் மலையில் நிற்பது மாதிரி இருந்தது.

துஃபூல் வந்தாள். வாசலிலேயே நின்று ஒரு மூச்சை ஆழமாக இழுத்தாள். மறைக்கவும் இல்லை. அதற்குத்தானே வந்திருக்கிறாள். அவள் முகம் கொஞ்சம் தளர்ந்ததை நான் கவனித்தேன். மாஷா அல்லாஹ் என்றாள், உட்கார்ந்தாள், காலை வசதியாக மடித்துக்கொண்டாள். கால் மடித்த விதத்திலேயே பாதிக் காரியம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மஹாத் மாமியாருக்கு சலாம் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு நழுவினான். குழந்தையை நஸ்ரா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது இவள் மூக்கையே பிடித்து இழுத்தது. நாங்கள் சிரித்தோம். நஸ்ராவும்தான் சிரித்தாள்.

முதல் சுற்றுக் காப்பி ஊற்றியாயிற்று. துஃபூல் மழையைப் பற்றிப் பேசினாள், தன் மூட்டு வலியைப் பற்றிப் பேசினாள். நஸ்ரா குழந்தையை அஸீலாவிடம் கொடுத்துவிட்டு அல்வாத் தட்டை எடுக்க எழுந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் அஸீலா மூலையில் இருந்த குட்டிச் சட்டத்தைப் பார்த்தாள். அதன் மேலிருந்த சட்டையைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள், உதடு துடித்ததுகூட எனக்குத் தெரிந்தது. அம்மா பார்த்துவிடப் போகிறாள் என்று சால்வையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

அல்வாத் தட்டோடு திரும்பிய நஸ்ராவுக்கு எதிரிலிருந்து தெரிந்தது அந்தச் சால்வை மட்டும்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். என் சால்வை வலது தோளில்தான் இருந்தது, கையால் தட்டிக்கூடக் காட்டினேன். அவள் பார்வை என்னைத் தாண்டி உள்ளறைப் பக்கம் போயிற்று. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பாவைப் பார்க்கப் போகிறாள், பார்த்துவிட்டு வந்துவிடுவாள் என்று நான் சும்மா இருந்தேன். அவள் அடுப்பங்கரையில் தணல் ஊதுகிற சத்தம் கேட்டபோதும் எனக்கு உறைக்கவில்லை.

வரும்போது கையில் தூபக்கால். அதில் அகில். அவளிடம் இருந்ததிலேயே உயர்ந்த கட்டை, மஹாத் கல்யாணத்துக்கு வாங்கி மிச்சம் வைத்தது. எந்த வாடையையும் அமுக்குவதற்கு அவளுக்குத் தெரிந்த பெரிய மருந்து அதுதான். வாடையை அமுக்க வேண்டும் என்பது தவிர அந்த நேரத்தில் அவள் புத்தியில் வேறெதுவும் இல்லை. கூடத்தின் நடுவுக்கு வந்த பிறகுதான் துஃபூலின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கையில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

கொண்டு வந்த அகிலைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

துஃபூல் காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முதல் காப்பியே பாதிதான் குடித்திருந்தாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்தக் குடும்பத்துப் பெண்கள் பேச மாட்டார்கள். எழுந்து, தூபக்காலைத் தானே கையில் வாங்கி, சால்வையை விரித்துப் புகையைப் பிடித்தாள். மகளுக்கும் காட்டினாள். குழந்தையின் சட்டைக்குள்ளும் காட்டினாள். திருப்பிக் கொடுத்தாள்.

"அல்லாஹ் உங்க வீட்ட நெறச்சு வைக்கட்டும்" என்றாள்.

"உக்காருங்க, என்ன அவசரம்" என்றாள் நஸ்ரா. "நெசமாத்தான் சொல்றேன், உக்காருங்க."

"இல்லம்மா, நேரமாச்சு."

"சத்தியமா உக்காருங்க. இப்பத்தான வந்தீங்க."

"இருக்கட்டும். சந்தோஷம்."

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க முடியும் என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. உக்காருங்க என்று நானும்தான் சொன்னேன். கையைப் பிடித்துக்கூட இழுத்தேன். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் எல்லாரும் சொல்கிற வார்த்தை, பிடிக்கிற கை. அதையே எத்தனை முறை சொன்னாலும் மரியாதை கூடுமே தவிர, ஆள் உட்கார மாட்டார்கள். அவளுக்கு மோப்பம் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நஸ்ரா என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன். அஸீலா வாசலில் திரும்பி நின்று நஸ்ராவைப் பார்த்தாள். நான் என்ன தப்பு பண்ணினேன் என்று கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு அம்மாவின் பின்னால் போய்விட்டாள். கார் கிளம்பிப் போனது, பெட்டியோடு.

நஸ்ரா தூபக்காலைப் பிடித்தபடியே நின்றாள். நான் வாங்கிக் கீழே வைத்தேன். "வாடை வந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு வாடையும் இல்லடி. அவ அழுதா. அந்தக் குட்டிச் சட்டத்தப் பாத்துட்டு அழுதா. அதுக்குத்தான் மூடிக்கிட்டா."

அவள் அந்தச் சட்டத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அப்பாவின் விரிப்பை மாற்றினாள். அதில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது.

மஹாத் பள்ளிவாசலிலிருந்து வந்து வீட்டைப் பார்த்தான், அணையாத அகிலைப் பார்த்தான். அவன் சத்தம் போட்டிருந்தால் தேவலை. என் பொண்டாட்டியை அகில் காட்டி அனுப்பிவிட்டாயா என்று மெதுவாகத்தான் கேட்டான். கை தவறிவிட்டது என்றாள் அவள். "அகில் எல்லாம் கை தவறி வருமாக்கா?" என்றான். மூக்கு போன கதையைத் தம்பியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்பாவைச் சுத்தமாக வைத்திருக்கிறாளா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று பயந்தாள். அந்தச் சந்தேகம் அவளுக்கே இருந்ததே. மாதம் முடிவதற்குள் அவன் சலாலாவில் வீடு பார்த்துவிட்டான்.

துணிமணி எடுக்க வந்த அன்று ஒரு சின்னப் பொட்டலத்தை அக்கா கையில் கொடுத்தான். அஸீலா கொடுத்தனுப்பியது. குழந்தை அன்றைக்குப் போட்டிருந்த சட்டை. துவைக்கவில்லையாம். "அத்தைதான் வாசனை புடிக்கறவங்க, எம் புள்ள வாசனையாவது அவங்ககிட்ட இருக்கட்டும்" என்று சொன்னாளாம். அதைக் குத்தலுக்குச் சொன்னாளா, பிரியத்துக்குச் சொன்னாளா என்று மஹாதுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும், பிரியத்துக்குத்தான்.

நஸ்ரா அந்தச் சட்டையை மதிலுக்குக் கொண்டு வந்தாள். முகத்தில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்திருப்பாள் போல, மூக்கு நுனி சிவந்திருந்தது. "நீங்க சொல்லுங்கக்கா. எப்படி இருக்கு?"

வாங்கி முகர்ந்தேன். அகில்தான் முதலில் வந்தது. அன்றைக்குத் துஃபூல் காட்டிய புகை, அப்படியே இழையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியில், தேடினால் கிடைக்கிற அளவுக்கு, குழந்தை.

"பால் வாசனைடி" என்றேன். "கக்கின பால், லேசாப் புளிச்சு. கழுத்துகிட்ட வேர்வை."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குச் சொல்லாமல் என் மகன் சுஹைலைக் காரெடுக்கச் சொல்லித் தாக்காவுக்குப் போனேன். துஃபூல் நல்ல மரியாதையோடுதான் உட்கார வைத்தாள். இன்னும் சலாலாவுக்குக் குடிபோகாத அஸீலா குழந்தையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், தீய்ந்த சோறு, மதில், சால்வை நுனி, அகில், எதையும் விடவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் அஸீலா மறுபடி சால்வையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். இந்த முறை அது எதற்கென்று எல்லாருக்கும் தெரிந்தது.

துஃபூலின் கண்ணும் கலங்கியிருந்தது. கெட்டவள் என்று சொல்ல மாட்டேன்.

"நீங்க சொல்றது நெசம்தான் உம்மு சுஹைல். அவ மேல இருந்த கோவம் எனக்குப் போயிடுச்சு" என்றாள். "ஆனா நீங்களே சொல்லுங்க. மோப்பமே இல்லாதவ வீட்ல கேஸ் கசிஞ்சா யாருக்குத் தெரியும்? மேல எழ முடியாத மனுஷன் ஒருத்தர், நடக்கத் தெரியாத புள்ள ஒண்ணு. எம் பொண்ணு கண்ணு அசந்துட்டா? நோயாளி வாடைன்னாக்கூடப் பொறுத்துக்கலாம்."

கூடத்துக்குப் புகை வந்த பிறகுதான் நஸ்ரா எழுந்து ஓடினாள் என்று இப்போதுதான் என் வாயாலேயே சொல்லியிருந்தேன். அவளைக் காப்பாற்றும் என்று நினைத்துக் கொண்டு போன உண்மை, இருந்த கதவையும் சாத்திவிட்டது. கோபம் என்றால் ஒரு நாள் தணியும். இது தணிகிற விஷயம் இல்லை. கோபமாகவே இருந்திருக்கலாம்.

அகில் வந்தது. சால்வைக்குள் புகையை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க, என்ன அவசரம்" என்றாள் துஃபூல்.

"இல்ல, நேரமாச்சு" என்றேன்.

இதை நான் நஸ்ராவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. திரும்பி வந்த என் சால்வையில் எந்த வீட்டு அகில் என்று அவளால் முகர முடியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தாள். முகம் பார்க்கத்தான் பழகியிருந்தாளே. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

மஹாத் வெள்ளிக்கிழமை தோறும் அப்பாவைப் பார்க்க வருகிறான், தனியாக. போனில் குழந்தையின் படங்களைக் காட்டுவான். போன வெள்ளிக்கிழமை காட்டிய படத்தில் ஸமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு கையால் தானே சோறு அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். மூக்கு வரைக்கும் பருக்கை. நஸ்ரா அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

வீடு இன்னும் மணந்துகொண்டுதான் இருக்கிறது. அஸர் முடிந்ததும் சன்னலைத் திறக்கிறாள், கரியைக் கனிய வைக்கிறாள். எனக்கு மதிலுக்கு வருவது பழகிவிட்டது. ஆனால் வீட்டைப் பற்றி அவள் இப்போது கேட்பதில்லை. அந்தச் சட்டையைத்தான் நீட்டுகிறாள். இன்னும் துவைக்கவில்லை. வாங்கி முகர்கிறேன். அதில் பால் போய், வேர்வை போய், அகிலும் போய்விட்டது. அவள் வீட்டில் கிடந்து கிடந்து குந்திரிக்கம் மட்டும்தான் வருகிறது.

"இன்னிக்கு எப்படிக்கா?"

"பால் வாசனைடி."

சட்டையைத் திருப்பி வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து நெஞ்சோடு வைத்துக்கொள்கிறாள்.

"அப்ப புள்ள இன்னும் பால் மறக்கல போல" என்கிறாள்.